முள்ளம்பன்றி போன இடம்

அந்தத் தெருவில் ஹெட்மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கையைக் காட்டிவிடுவார்கள். ஆனால் அந்த மனிதர் தன் வாழ்நாளில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு மணி நேரம்கூட வேலை பார்த்தவர் அல்ல. மாடியில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, தன் இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதால், கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சூட்டிய பட்டம் அது. முதல் தடவை காதில் விழுந்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். மொத்த மாணவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்கு இன்னும் மூக்கைச் சிந்தத் தெரியாது. இந்த நிர்வாகத்துக்கு இவ்வளவு பெரிய பதவி தானாகத் தேடி வரும்போது வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன பைத்தியமா? ஏற்றுக்கொண்டார்.

அதற்கு முன்னால் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். அச்சகம் என்றதும் கதை, கவிதை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில் ஒரு தாள், அதைத்தான் அங்கே அச்சடித்தார்கள். அந்தத் தாளை உலகத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் தான்தான் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. மூலத்தில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வர வேண்டும். தலைசுற்றல் வரலாம், வாந்தி வரலாம், அரிதாக மரணம் நேரலாம் என்று இருக்கும். அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் இதமாக மாற்றிவிட்டால் என்ன என்று கை பரபரக்கும். ஒரு சொல்லை மாற்றினாலும் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்ததால் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருந்தார். கடைசியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமலேதான் வேலை போயிற்று. அவர் பார்த்த வேலையைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது தேநீர் குடிக்க எழுந்து போகாது என்று முதலாளிக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

வேலை போய்விட்டது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தால் என்ன கௌரவம்? ஆகவே அவர் வேறு மாதிரி சொன்னார். ஓட்டமும் பரபரப்பும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், பிள்ளைகளைப் புத்தகத்தோடும் கைத்தொழிலோடும் எளிமையாக வளர்க்கப்போகிறோம் என்றார். ‘செய்துவிட்டோம்’ என்பதில் இருந்த மற்றொரு ஆளான அவர் மனைவிக்கு இந்த முடிவு மற்றவர்களோடு சேர்ந்துதான் தெரியவந்தது. அவள் ஒரு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள். எதையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி, செஞ்சு பாருங்க. ரிசல்ட் வரட்டும்,” என்றாள்.

எளிய வாழ்க்கையில் ஒரே ஒரு சங்கடம், அதற்கு வேலை அதிகம். ஹெட்மாஸ்டர் முதல் காரியமாக டி.வி.யைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்து மிக்ஸியைக் கொடுத்தார். கையால் அரைத்தால்தான் ருசி, பிள்ளைகளும் உழைப்பின் அருமையைத் தெரிந்துகொள்ளும் என்றார். ஒரு வாரம் அரைத்ததில் உழைப்பின் அருமை அவருடைய வலது தோள்பட்டைக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்குப் பிறகு மனைவி காலையில் ஒரு பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு கீழே போவாள். சற்று நேரத்தில் தையல்கார அக்கா வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கும். ஹெட்மாஸ்டர் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒன்றை ஆழ்ந்து படித்துக்கொண்டிருப்பார்.

சோப்பு செய்தார்கள். அது கடைசி வரை கட்டியாகவே இல்லை. கஞ்சிக்கும் களிம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக நின்றுவிட்டது. சின்னவள் அதை மாடிப்படியில் ஊற்றிவிட, துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் எல்லாப் படிகளையும் உட்கார்ந்தபடியே இறங்கினார். நல்லவேளை, எலும்பு ஒன்றும் போகவில்லை. தையல்கார அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் போனதோடு சரி. கம்பளி நூலில் பெரியவளுக்கு ஒரு தொப்பி பின்னினார். அது பெரியவளுக்கும் சேரவில்லை, சின்னவளுக்கும் சேரவில்லை, தண்ணீர்க் குடத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. “இருக்கட்டும், இந்த வருஷம் குடத்துக்கு ஜலதோஷம் பிடிக்காது,” என்றாள் மனைவி. மைதா மாவில் பசை காய்ச்சி, கிழிந்த புத்தகங்களுக்கெல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை ஒட்டினார். அந்தப் பசையின் மகிமை கரப்பான்பூச்சி உலகத்தில் பரவி, புத்தக அலமாரிக்கு ராத்திரி பகலாக வாசகர்கள் வரத் தொடங்கினார்கள். எந்த நூலகத்துக்கும் இப்படிக் கூட்டம் வந்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதில் மட்டும் அவர் கைதேர்ந்தவர்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு விஷயம் அவருக்கு உண்மையிலேயே நன்றாக வந்தது. கதை படிப்பது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் பாயை விரித்து, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் சாய்த்துக்கொண்டு புத்தகத்தைப் பிரிப்பார். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கி வந்த புத்தகங்கள். சிங்கத்துக்கு ஒரு குரல், எறும்புக்கு ஒரு குரல், மந்திரிக்கு மூக்கால் பேசுகிற ஒரு குரல். கீழே தையல் மிஷின் அந்த நேரத்தில் தானாக நின்றுபோகும். அக்கா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

சரியாகச் சொல்லப்போனால் அவர் படிக்கவில்லை. திருத்தினார். அச்சகத்தில் அத்தனை வருஷம் அடக்கி வைத்த கைப் பரபரப்பு இங்கே வட்டியும் முதலுமாகப் பொங்கி வந்தது. கேட்க முதலாளி இல்லை. ஓநாய் ஆட்டைக் கடித்தது என்று அச்சில் இருக்கும். ஓநாய் ஆட்டிடம் வழி கேட்டது என்று படிப்பார். விறகு வெட்டிக்குப் புதையல் கிடைத்தது என்று இருக்கும். விறகு வெட்டி துடைப்பம் கட்டக் கற்றுக்கொண்டான் என்று படிப்பார். ஆயிரம் வேலைக்காரர்கள் வைத்திருந்த ராஜா அவர் வாயில் நுழைந்து வெளியே வருவதற்குள் தன் தட்டைத் தானே கழுவுகிறவராக மாறிவிடுவார். படகுக்காரரின் கிழட்டு நாய் கடைசிப் பக்கத்தில் செத்துப்போகும்; அவர் அதை ஒரு தீவுக்கு அனுப்பி, அங்கே மற்ற கிழட்டு நாய்களோடு பாய் பின்ன வைத்தார். அவர் கதைகளில் வந்த நரி, யானை, திருடன், சேனாதிபதி எல்லோரும் முடிவில் ஏதாவது ஒரு கைத்தொழிலோடுதான் விடை பெற்றார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் திருத்தப்பட்டது ஒரு முள்ளம்பன்றிக் குட்டியின் கதை. புத்தகத்தில் அந்தக் குட்டி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. முள் குத்தும் என்று யாரும் அதன் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள். கடைசியில் ஓட்டோடு இருக்கிற ஆமை வந்து பக்கத்தில் உட்கார்ந்து சிநேகமாகிவிடுகிறது. நல்ல கதைதான். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்படி நாலு நல்ல வார்த்தை சொல்கிற புத்தகம் தன் நிர்வாகத்துக்கு உள்ளேயே இருந்தால் ஒரு ஹெட்மாஸ்டர் என்ன செய்வார்? பள்ளிக்கூடம் வருகிற இடத்திலெல்லாம் காடு என்று படித்தார். படத்தில் இருந்த கரும்பலகையைப் பாறை என்றார். பெஞ்சை விழுந்து கிடக்கிற மரம் என்றார். மணியடிக்கிற ஆளை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று சொல்லிச் சமாளித்தார்.

இப்படியாக எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்க, பெரியவளுக்கு மட்டும் படிக்க வரவில்லை.

எழுத்தெல்லாம் தெரியும். கொம்பு, கால், சுழி எல்லாம் அழகாகப் போடுவாள். மணலில் எழுதுவாள், மாவில் எழுதுவாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிக்க மாட்டாள். “தெரியாதுப்பா, நீங்க படிங்க,” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவசரப்படுத்தக் கூடாது, தானாக வரும் என்று ஹெட்மாஸ்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஆறு வயதில் அறைக்குள் கேட்கிற மாதிரி சொன்னார். ஏழும் முடியப்போகிறபோது தனக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார்.

மனைவி நேரடியாகவே பேசிவிட்டாள். “இத பாருங்க, நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. ஆனா அவளுக்கு எட்டு வயசு ஆகறதுக்குள்ள ஒரு பக்கமாவது தானா படிக்கணும். இல்லன்னா ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன். அப்புறம் நீங்க பேசக் கூடாது.”

“படிப்பா,” என்றார் அவர்.

“படிச்சா சந்தோஷம். நான் என்ன, எம் பொண்ணு படிக்கக் கூடாதுன்னா வேண்டிக்கிறேன்?”

பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பிள்ளைகள் போய்விட்டால் அந்த மாடி வீட்டில் காலையிலிருந்து மாலை வரை அவர் என்ன செய்வார்? குடத்துக்கு இன்னொரு தொப்பி பின்னுவாரா? எளிய வாழ்க்கை, புத்தகம், கைத்தொழில் என்று எத்தனை போர்வை போட்டு மூடினாலும், உள்ளே இருந்தது வேலை போன ஓர் ஆள். அந்த ஆளை மறுபடியும் யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

பிள்ளைகளைக் கேள்வி கேட்டுச் சோதிக்கக் கூடாது என்பது அவர் நிர்வாகத்தின் சட்டம். சட்டம் போட்டவரே அதை மீறினார். படிக்கிறபோது நடுவில் நிறுத்தி, விரலை ஒரு சொல்லின் மேல் வைத்து, “இது என்னம்மா?” என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்பார். பெரியவள் அந்தச் சொல்லைப் பார்க்கமாட்டாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். கண்ணை, புருவத்தை, உதட்டைப் பார்த்துவிட்டு, “துடைப்பமா?” என்பாள். ஒருநாள் முள்ளம்பன்றிப் புத்தகத்தில் அவளாகவே ஒரு வரியின் கீழ் விரலை ஓட்டி ஏதோ முணுமுணுத்தாள். அவர் உச்சி குளிர்ந்துபோய், உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று, “முள்ளம்பன்றிக் குட்டி காட்டுக்குப் போச்சு!” என்று உரக்க எடுத்துக்கொடுத்தார். அவள் விரலை எடுத்துவிட்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வேறு வழி தெரியாததால் தெரிந்த வழியிலேயே வேகமாகப் போனார். காலையில் கதை, மதியம் கதை, விளக்கு வைத்ததும் கதை. சிங்கம் முன்னைவிடப் பெரிதாகக் கர்ஜித்தது. மந்திரிக்கு மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டது. விளைவு, ஒருநாள் காலையில் எழுந்து மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, “நீங்க டீச்சரா?” என்று கேட்டார்.

“ஹெட்மாஸ்டர்,” என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

“ஒரு வாரம் வாயத் தொறக்கவே கூடாது சார். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. பேசினா குரல் நிரந்தரமாப் போயிடும்.”

“ஒரு வாரம் போதுமா டாக்டர்?” என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் தன் சிலேட்டில் கயிறு கட்டி அப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். சொல்ல வேண்டியதை இனிமேல் எழுதித்தான் காட்ட வேண்டும். கழுத்தில் பலகை தொங்க, வீட்டில் அங்குமிங்கும் நடந்தபோது தான் ஏலத்துக்கு வந்த மாடு மாதிரி இருப்பதாக அவருக்கே தோன்றியது.

அடுத்த நாள் மனைவிக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டன. அப்பாவால் முடியாது என்றதும் சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“சரி சரி, அழாத. நான் படிக்கிறேன்,” என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஆனா எனக்கு உங்கப்பா மாதிரி சிங்கம் புலியெல்லாம் வராது. எழுதியிருக்கிறத படிப்பேன், அவ்வளவுதான்.”

பெரியவள் முள்ளம்பன்றிப் புத்தகத்தை நீட்டினாள். ஜன்னலுக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கையை ஆட்டினார்.

“என்ன? தண்ணியா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். சிலேட்டை எடுத்து, அது வேண்டாம், வேறு புத்தகம், என்று அவசரமாகக் கிறுக்கி உயர்த்திக் காட்டினார். மனைவி அதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அறிக்கை படிக்கிற அதே குரல்.

“முள்ளம்பன்றிக் குட்டி முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனது. எல்லோரும் அதைப் பார்த்து...”

“அம்மா, நிறுத்து!”

பெரியவள் எழுந்து முழங்காலில் நின்றாள். “இப்ப என்ன படிச்ச? எங்க போச்சு?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

“அப்படியா எழுதியிருக்கு?”

“பின்ன? நானா சொல்றேன்? இதோ பாரு.”

பெரியவள் புத்தகத்தின் மேல் குனிந்தாள். விரலை வைத்தாள். “பள்... ளிக்... கூ... டத்... துக்... கு,” என்றாள். பிறகு நிமிர்ந்து, “காடு இல்லையா?” என்றாள்.

“காடா? இதுல எங்கடி இருக்கு காடு?”

அவள் விரல் அடுத்த வரிக்குப் போயிற்று. திக்கித் திக்கி ஆரம்பித்து, போகப் போக வேகம் எடுத்து, அந்தப் பக்கத்தை முடித்தாள். அடுத்த பக்கத்தையும் முடித்தாள். பெஞ்சு வந்தது, கரும்பலகை வந்தது, மணியடிக்கிறவர் வந்தார், ஆமை வந்து உட்கார்ந்தது. மனைவி மகளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவள் புத்தகத்தை வைத்துவிட்டு அலமாரிக்கு ஓடினாள். கரப்பான்பூச்சி கடித்த புத்தக முதுகுகளைத் தள்ளித் தள்ளித் தேடி, படகுக்காரரின் நாயை எடுத்தாள். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

“அன்று மாலை நாய் இறந்துபோனது. படகுக்காரர் அதைக் கரையில் புதைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.”

“அப்ப பாய் பின்னலையா?” என்றாள் சின்னவள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓவென்று அழ ஆரம்பித்தாள். செத்துப்போன நாய்க்காக அழுதாளா, பின்னாமல் போன பாய்க்காக அழுதாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மனைவிக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. “என்னங்க, நாய் பாய் பின்னிச்சா?” என்று கேட்டவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சின்னவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெட்மாஸ்டரும் அசடு வழியச் சிரித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு என்ன செய்வான்? குரல் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பார். அதுவும் இல்லை.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை.

“கடைப் பலகையெல்லாம் எனக்குச் சரியா வரும்மா,” என்றாள். “பஸ்ல எழுதியிருக்கிறது, கீழ அக்கா துணிப் பையில ஒட்டியிருக்கிற பேரு, எல்லாம் வரும். புக்குல மட்டும் தப்புத் தப்பா வந்துச்சு. அப்பா ஒண்ணு படிப்பார், எனக்கு வேற ஒண்ணு வரும். எப்பப் பாத்தாலும் வேற ஒண்ணு வரும். நான் மக்குன்னு நெனச்சேன். அதான் படிக்கல.”

மனைவியின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இவ்வளவு நாளாகப் பிள்ளை மனது புண்படக் கூடாது என்று ஓநாயின் பல்லைப் பிடுங்கினார், நாயைச் சாகவிடாமல் தீவுக்கு அனுப்பினார். தன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை தன்னையே மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. பொடி எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண். அதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நாக்குதான் ஏற்கெனவே லீவில் இருந்தது.

முக்காலியை விட்டு இறங்கிப் பாயில் வந்து உட்கார்ந்தார். சிலேட்டைத் துடைத்தார். எழுதிப் பெரியவளிடம் நீட்டினார்.

அவள் உரக்கப் படித்தாள். “நீ மக்கு இல்லை. நான்தான்.”

“நான்தான்னா, நானா?” என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“நீ இல்லடி. அப்பா.”

“ஓ,” என்று சின்னவள் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வாரம் பூராவும் பெரியவளின் ராஜ்யம்தான். அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அச்சில் இருந்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல் படித்தாள். ஓநாய் ஆட்டைக் கடித்தது. திருடன் திருடிவிட்டுக் கம்பி நீட்டினான். ராஜா கடைசி வரை தட்டைக் கழுவவே இல்லை. சின்னவள் முதலில் பயந்தாள், பிறகு, “அந்தக் கடிக்கிறத இன்னொரு வாட்டி படி,” என்று கேட்கத் தொடங்கினாள். அப்பாவின் சிலேட்டுக்கும் பெரியவள்தான் குரல். பால்காரர் வந்தாலும், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்தாலும், அவர் எழுதுவார், அவள் பக்கத்தில் நின்று படித்துச் சொல்வாள். “அடுத்த வாரம் தரேன்னு அப்பா எழுதியிருக்கார். அதுக்குக் கீழ ‘கோபப்படப் போகிறார், மெதுவாகச் சொல்’னும் எழுதியிருக்கார்,” என்று வீட்டுக்காரரிடமே படித்தாள். மாற்றாமல் படிக்கிறவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாரக் கடைசியில் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “சரிங்க, ரிசல்ட் வந்துடுச்சு. பொண்ணு படிக்கிறா. எப்படிப் படிச்சா, யாரால படிச்சாங்கிறத நான் கேக்கல. பேசினது பேசினதுதான். ரெண்டும் வீட்டுலயே இருக்கட்டும்.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தார். கழுத்துச் சிலேட்டு மோவாயில் இடித்தது. ஒன்றுமே செய்யாமல், செய்ததெல்லாம் தப்பாகவும் இருந்து, கடைசியில் ஜெயித்தும்விட்ட நிர்வாகம் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“என்னை ஒருத்தரும் கேக்கலயே,” என்றாள் பெரியவள்.

“உன்ன என்ன கேக்கணும்?” என்றாள் அம்மா.

“நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்.”

ஹெட்மாஸ்டரின் கை இறங்கியது.

“ஏண்டி? அப்பா இனிமே மாத்தாமப் படிப்பார்.”

“அதில்ல. அங்க எல்லார் கையிலயும் ஒரே புக்கு இருக்குமாம். கீழ அக்கா சொன்னாங்க. ஒருத்தர் மாத்திப் படிச்சா இன்னொருத்தர் சொல்லிடுவாங்க இல்ல? நம்ம தப்பா, அவங்க தப்பான்னு உடனே தெரிஞ்சிடும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்புறம், பக்கத்துல யாராவது உக்காருவாங்க.”

மனைவி அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட கேளு. அவர் சரின்னா எனக்கும் சரி,” என்று சொல்லிவிட்டு உடை மாற்ற உள்ளே போனாள். போகிற போக்கில் சின்னவளையும் கைகழுவ இழுத்துக்கொண்டு போனாள்.

பெரியவள் அவர் முன்னால் வந்து நின்றாள். பலப்பத்தைத் தரையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரு டீச்சர், வெயிலில் வரிசை, அடி, போட்டி என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த காரணங்கள். ஒன்றையும் எழுதக் கை வரவில்லை. அத்தனையும் வெறும் உறை, உள்ளே இருந்தது வேறொன்று. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மனதில் இருந்த மூலத்தை அப்படியே எழுதினார். போகாதே. நீ இல்லாமல் அப்பாவுக்கு முடியாது. எழுதிவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிலேட்டை நீட்டினார்.

அவள் உரக்கப் படிக்கவில்லை. உதடுகூட அசையவில்லை. கண் மட்டும் ஒரு வரி ஓடி, திரும்பி வந்து, அடுத்த வரி ஓடியது. அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இனி யாருக்கும் கேட்காமல் படிப்பாள்.

“என்னடி எழுதியிருக்கார்?” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

பெரியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிலேட்டைப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, தெளிவாகச் சொன்னாள்.

“போயிட்டு வான்னு எழுதியிருக்கார்மா. ஆனா தினமும் வந்து அங்க நடந்ததெல்லாம் அப்பாகிட்ட ஒண்ணு விடாம சொல்லணுமாம்.”

ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எழுந்து நாலடி நடந்தால் போதும், சிலேட்டை மனைவியிடம் காட்டிவிடலாம். எழுத்து எழுத்தாக அங்கே இருக்கிறது. ஆனால் அவள் படித்த விதம் இருக்கிறதே, அவருடைய அச்சு அசல் கைவரிசை. கடிக்கிற இடத்தில் பல்லைப் பிடுங்கி, போகிறவளைத் திரும்பவும் வரவழைத்து, கேட்கிறவனுக்கு வலிக்காமல் முடித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் தான் சொல்லிக்கொடுத்து உருப்படியாக வந்தது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்து வழிந்தது. பெரியவள் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படியா எழுதியிருக்கார்? இரு, வந்து பாக்கிறேன்,” என்று அம்மாவின் குரலும் காலடிச் சத்தமும் உள்ளேயிருந்து கேட்டன. அவர் அவசரமாகச் சட்டைக் கையால் சிலேட்டைத் துடைத்தார். பலப்பத்தை எடுத்து, மகள் படித்ததையே மூலமாக வைத்துக்கொண்டு எழுதினார். போய்விட்டு வா. தினமும் வந்து அங்கே நடந்ததெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

பெரியவள் அவர் தோளுக்கு மேல் குனிந்து, விரலை வைத்துச் சரிபார்த்தாள்.

“ஒண்ணு விடாமன்னு நான் சொன்னேன். அத விட்டுட்டீங்க,” என்றாள்.

இடம் போதவில்லை. வரிக்கு மேலே பொடி எழுத்தில் அதையும் சேர்த்தார்.